பெட்டகத்தை இழுத்துப்போன கார்கள்

2001இல் வந்த முதல் படத்தில் டொமினிக் (டாம்) டொரெட்டோவின் கும்பல் ஓடும் லாரிகளை மடக்கித் திருடியது டிவிடி பிளேயர்களைத்தான். மூன்று கறுப்பு ஹோண்டா சிவிக் கார்கள், வண்டிக்கு அடியில் பச்சை விளக்கு, இரவு நேர நெடுஞ்சாலை, அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலிஸ் தெருப் பந்தயங்களைப் பற்றிய அடக்கமான படம் அது. பத்து வருடம் கழித்து, ஐந்தாம் பாகத்தில், அதே ஆட்கள் ரியோ டி ஜெனீரோ காவல் நிலையத்தின் சுவரை உடைத்து, உள்ளே பதித்திருந்த இரும்புப் பெட்டகத்தை அப்படியே பெயர்த்தெடுத்து, இரண்டு கார்களில் கட்டித் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போனார்கள். இன்னும் பத்து வருடத்தில், ஒன்பதாம் பாகத்தில், அவர்களில் இரண்டு பேர் ஒரு பழைய பான்டியாக் காரில் ராக்கெட்டைப் பொருத்திக்கொண்டு விண்வெளிக்கே போய்விட்டார்கள்.

‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ வரிசையை இப்படி அடுக்கிச் சொன்னால் கேட்பவர் உடனே “லாஜிக்கே இல்லையே” என்பார். இருக்கிறது என்பதுதான் என் கட்சி. புவியீர்ப்பு, உராய்வு, மனித எலும்பின் பலம் எதையும் இந்தப் படங்கள் பொருட்படுத்துவதில்லை, வாஸ்தவம். ஆனால் வேறு சில விதிகளை அவை படு கறாராகக் காப்பாற்றுகின்றன. காப்பாற்றிய இடங்கள் எத்தனை முறை பார்த்தாலும் புல்லரிக்க வைக்கின்றன. கைவிட்ட இடங்களில் எவ்வளவு பெரிய வெடி வெடித்தாலும் மனசில் ஏறுவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த அளவுக்கு மிஞ்சிப்போகும் உரிமை அடுத்தடுத்த பாகங்களுக்கு மட்டுமே உண்டு. எடுத்த எடுப்பில் முதல் படத்திலேயே பெட்டகத்தை இழுத்திருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? ஐந்தாம் பாகத்துக்கு வந்து உட்காரும் ரசிகர் இந்த ஆட்களின் சில்லறைத் திருட்டையும் தோற்ற பந்தயத்தையும் பார்த்து வளர்ந்தவர். முதல் பந்தயத்தில், பிறகு டாமின் கூட்டாளியாகும் பிரையன் அவசரப்பட்டு நைட்ரஸை அழுத்திவிட்டுக் கோட்டைவிட்டது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. டாம் வீட்டுக் கொல்லைப்புறச் சாப்பாட்டில் தட்டில் முதலில் கைவைத்தவன்தான் பிரார்த்தனை சொல்ல வேண்டும் என்ற வழக்கமும் தெரியும். இத்தனை பழக்கம் சேர்ந்த பிறகுதான் சுவரை உடைக்கும்போது கை தட்டத் தோன்றுகிறது.

எல்லா வரிசைக்கும் இது பலிப்பதில்லை. ‘டை ஹார்ட்’ (1988) படத்தின் ஜான் மெக்லேனை எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு உடைந்த கண்ணாடியில் நடந்து, பாதம் கிழிந்து, ரத்தத்தோடு தரையில் உடலை இழுத்துக்கொண்டு போகிறவன். அவனுக்கு வலிக்கும் என்பதுதான் அந்தப் படத்தின் அடிப்படை. 2007இல் நான்காம் பாகத்தில் அவன் லாரியை ஓட்டிக்கொண்டு போர் விமானத்தோடு மல்லுக்கட்டி, சட்டையைத் தட்டிவிட்டு எழுந்து நிற்கிறான். அளவில் பெரிய காட்சிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இடத்தில் நமக்குத் தெரிந்த மெக்லேனைக் காணோம். டொரெட்டோவின் ஆட்களுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அவர்கள் காயத்தால் நமக்கு நெருங்கியவர்கள் இல்லை, ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காததால் நெருங்கியவர்கள்.

பெட்டகக் காட்சிக்கு வருகிறேன். பிரமாண்ட ஆக்‌ஷன் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் கைகாட்டுவது 2011இன் இந்த ஐந்தாம் பாகத்தைத்தான். இயக்கியவர் ஜஸ்டின் லின். ரேயஸ் என்ற ஊழல் பெரும்புள்ளி தன் பத்துக் கோடி டாலர் ரொக்கத்தைப் போலீஸ் நிலையத்துக்குள்ளேயே பத்திரப்படுத்தியிருக்கிறான். படத்தின் பெரும்பகுதி அதை எப்படிச் சத்தமில்லாமல் எடுப்பது என்ற திட்டத்திலேயே போகிறது. கண்காணிப்பு கேமராவில் சிக்காத வேகம் வேண்டும் என்று காரை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள், ரேயஸின் கைரேகையைத் திருடுகிறார்கள். அத்தனை நுணுக்கத்தையும் கடைசியில் தூக்கிப்போட்டுவிட்டு, கவச வண்டியால் சுவரை இடித்து, கேபிளை மாட்டி, இரண்டு கறுப்பு டாட்ஜ் சார்ஜர்கள் பெட்டகத்தை வெளியே உருவுகின்றன. பொறுமையாகக் கட்டிய திட்டம் ஒரே நொடியில் முரட்டு பலமாக மாறும் அந்தத் திருப்பம் எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தருகிறது.

அதற்குப் பிறகு தெரு. கேபிள் விறைக்கிறது, பெட்டகத்தின் முனை தார்ச்சாலையைக் கீறிக்கொண்டு தீப்பொறி பறக்க வருகிறது. நேர்ச்சாலையில் கார்களுக்குப் பின்னால் அடக்கமாகவே வரும். திருப்பத்தில்தான் அதன் குணம் தெரிகிறது. கார்கள் வளைந்துவிடுகின்றன, பெட்டகம் வளையாமல் அகலமாக வீசி, ஓரத்தில் நிறுத்தியிருந்த வண்டிகளை வாரிக்கொண்டு, ஒரு வங்கியின் முகப்பையும் நொறுக்கிவிட்டுத் திரும்புகிறது. அந்த வீச்சு எந்தப் பக்கம் வரும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், துரத்துகிற போலீஸ்காரர்களுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் நாமும் கற்றுக்கொள்கிறோம். அடுத்த முனை வரும்போது நம் உடம்பே எதிர்ப்பக்கம் சாய்கிறது. கிட்டத்தட்ட பத்து நிமிடம் ஓடும் துரத்தலில் எது எங்கே இருக்கிறது என்ற குழப்பம் ஒரு நொடிகூட வராது.

இரண்டு கார்கள் அத்தனை இரும்பை அந்த வேகத்தில் இழுக்கவே முடியாது. இருந்தாலும் நம் கண் நம்புகிறது, காரணம் படமாக்கிய விதம். காட்சிக்கென்று பல பெட்டகங்கள் செய்தார்கள். அவற்றில் ஒன்றின் வயிற்றுக்குள் வண்டியின் அடிச்சட்டமும் எஞ்சினும் இருந்தன. உள்ளே உட்கார்ந்து அதை ஓட்டியவர் ஹென்றி கிங்கி என்ற அனுபவசாலியான ஸ்டண்ட் கலைஞர். அதாவது, திரையில் இழுபட்டு வரும் அந்தப் பெட்டகம் சில ஷாட்களில் தானே ஓடி வந்து கார்களை மோதி நசுக்கியது. ரியோ என்று நமக்குக் காட்டிய தெருக்களில் பலவும் போர்ட்டோ ரிக்கோவில் உள்ளவை. நொறுங்குவது நிஜத் தகரம், பறப்பது நிஜத் தூசி. கதை சொல்வது பொய்யாக இருந்தாலும் எடைக்கு எடை சரியாக இருக்கிறது. மிகைக்கு அடியில் இந்தக் கனம் இருந்தாக வேண்டும் என்று ஜஸ்டின் லின்னுக்கும், இரண்டாம் யூனிட்டை நடத்திய ஸ்பைரோ ராஸாடோஸுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

துரத்தலின் முடிவில் நீண்ட பாலம். பிரையனைக் கழற்றிவிட்டு டாம் ஒற்றைக் காரோடு திரும்புகிறான். அதுவரை பாரமாக இழுத்து வந்த பெட்டகத்தைச் சுழற்றிச் சம்மட்டியாக்கி, எதிரே வரும் வண்டிகளை ஒவ்வொன்றாக அடித்து வீழ்த்துகிறான். பணம் போகட்டும், கூட்டாளி தப்பட்டும் என்பதுதான் அந்தத் திரும்பலுக்குப் பொருள். உண்மையான பெட்டகத்தை வழியிலேயே குப்பை லாரி ஒன்று விழுங்கிவிட்டது, பாலத்தில் உடைந்தது காலிப் பெட்டகம் என்பது பிறகுதான் தெரியவருகிறது. கெட்டிக்காரத் திருட்டுப்படத்தின் மூளையும் மசாலாப் படத்தின் நெஞ்சும் ஒரே காட்சியில் சேர்ந்திருக்கின்றன. இந்த வரிசையில் இதைத் தாண்டிய காட்சி இன்னும் வரவில்லை.

அதே 2011இல்தான் ‘மிஷன் இம்பாசிபிள்’ நான்காம் பாகமும் வந்தது. துபாயின் புர்ஜ் கலீஃபா கோபுரத்தின் வெளிச்சுவரில் டாம் க்ரூஸ் தானே ஏறினார். அங்கே நம் மூச்சு நிற்பது, ஒரு மனிதர் மெய்யாகவே தொங்குகிறார் என்பதால். டொரெட்டோ படங்கள் தருவது வேறு வகை இன்பம். எந்த மனிதனாலும் ஆகாத காரியத்தை, ஆகும் என்ற முழு நம்பிக்கையோடு செய்து காட்டுகிறார்கள். இரண்டையும் நான் ரசிக்கிறேன். மனசுக்கு நெருக்கம் இரண்டாவதுதான்.

ஆறாம் பாகத்தில் (2013) இந்த நம்பிக்கையின் உச்சம் இருக்கிறது. பீரங்கி வண்டி ஒன்று ஸ்பெயின் நெடுஞ்சாலையில் எதிரே வரும் கார்களை நசுக்கிக்கொண்டு போகிறது. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில் எடுத்தது. அதன் மேல் நிற்கும், டாமின் காதலியான லெட்டிக்குப் பழைய ஞாபகம் எதுவுமே இல்லை. டாம் யாரென்று அவளுக்குத் தெரியாது. பீரங்கி கவிழ்ந்து அவள் வீசியெறியப்படும் கணத்தில், டாம் தன் காரைப் பாலத்தின் தடுப்பில் மோதவிட்டு, அந்த வேகத்தில் தானும் பறந்து, இரண்டு பாலங்களுக்கு நடுவே வெறும் ஆகாயத்தில் அவளைப் பிடித்து, அந்தப் பக்கம் நின்ற கார் ஒன்றின் மேல் போய் விழுகிறான். கணக்குப் போட்டால் இருவரும் செத்திருக்க வேண்டும். ஆனால் பள்ளம் எவ்வளவு அகலம் என்பதை அந்தக் காட்சி அளப்பதே இல்லை. தன்னை மறந்துபோனவளுக்காக ஒருவன் எவ்வளவு தூரம் போவான் என்பதைத்தான் அளக்கிறது. வசனத்தில் சொல்லியிருந்தால் கூசியிருக்கும். உடம்பாலேயே சொல்லிவிட்டதால் மறுபேச்சுக்கு இடமில்லை. டாமாக நடித்த வின் டீசலோ லெட்டியாக நடித்த மிஷெல் ரோட்ரிகஸோ இதில் ஒரு துளிகூடக் கண்ணடிக்கவில்லை. அந்தத் தீவிரம்தான் காட்சியைத் தாங்குகிறது.

ஏழாம் பாகத்தை (2015) ஜேம்ஸ் வான் இயக்கினார். நம் ஊரில் தமிழிலும் மொழிமாற்றமாகி வந்த படம், திருவிழா மாதிரி கூட்டம் கூடிப் பார்த்த படம். விமானத்தின் பின்கதவு வழியே கார்கள் ஒவ்வொன்றாக ரிவர்ஸில் ஆகாயத்தில் இறங்குகின்றன. நிஜக் கார்களையே விமானத்திலிருந்து தள்ளிவிட்டு, கூடவே குதித்த ஸ்கைடைவர்கள் தலையில் கேமராவோடு எடுத்த ஷாட்கள் அதில் இருக்கின்றன. கும்பலில் ரோமன் மட்டும் பயந்துபோய் இறங்க மறுக்க, அவன் காரின் பாராசூட்டைத் தூரத்திலிருந்தே விரித்து இழுத்துவிடுகிறார்கள். அபுதாபியில் கோபுரத்துக்குக் கோபுரம் தாவும் சிவப்பு லைக்கன் காரை எல்லாரும் பேசுவார்கள். அழகான காட்சிதான், ஆனால் பளபளப்பு கொஞ்சம் தூக்கல். எனக்குப் பிடித்தது மலையோரப் பேருந்து. பேருந்து பாதி அந்தரத்தில் தொங்கிச் சரியும்போது பிரையன் அதன் மேலேயே விளிம்பை நோக்கி ஓடுகிறான். அவன் எகிறும் அதே நொடியில் லெட்டி காரைச் சுழற்றி, அதன் பின்பாகத்தைப் பாதாளத்தின் மேல் நீட்டுகிறாள். அவன் கை ஸ்பாய்லரைப் பற்றுகிறது. ஒரு வார்த்தை கிடையாது, சைகை கிடையாது. அவள் அங்கே இருப்பாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, ஏழு பாகம் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது.

பிரையனாக நடித்த பால் வாக்கர் 2013 நவம்பரில், படப்பிடிப்பு முடிவதற்கு முன்பே, கார் விபத்தில் இறந்துபோனார். மீதியை அவருடைய சகோதரர்கள் காலெப், கோடி இருவரையும் நிற்கவைத்து, கணினியில் முகத்தை உருவாக்கி முடித்தார்கள். கடைசியில் டாமின் காரும் பிரையனின் வெள்ளைக் காரும் கொஞ்ச தூரம் இணையாகப் போய், சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் தனித்தனி வழியில் விலகுகின்றன. வேகமே இல்லாத ஓட்டம் அது. அவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு இதை வைத்ததால்தான் அரங்கமே அழுதது.

இனி வருத்தம். ஹான் என்ற பாத்திரத்தை ஜஸ்டின் லின் இந்த வரிசைக்கு முன்பே, ‘பெட்டர் லக் டுமாரோ’ (2002) என்ற சின்னப் படத்தில் உருவாக்கியிருந்தார். இரண்டிலும் நடித்தவர் சுங் காங். எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும் நிதானமான ஆள். 2006இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஹான் இறந்துவிடுகிறான். அவன்மேல் உள்ள பிரியத்தால் அடுத்த மூன்று பாகங்களையும் காலத்தில் பின்னுக்குத் தள்ளி, அவன் உயிரோடு இருந்தபோது நடந்த கதைகளாக அமைத்தார்கள். காலண்டரையே வளைத்த அந்தத் துணிச்சல் எந்தக் கார் தாவலுக்கும் குறைந்ததல்ல. ஹானைக் கொன்றவன் டெக்கார்ட் ஷா என்று ஆறாம் பாக முடிவில் காட்டினார்கள். எட்டாம் பாகத்தில் (2017) அதே ஷாவை டாமின் குழந்தையைக் காப்பாற்றவைத்து, கடைசியில் குடும்பச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்தார்கள். நீர்மூழ்கிக் கப்பல் பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு கார்களைத் துரத்தியதை என்னால் ஏற்க முடிந்தது. அந்த நாற்காலியை ஏற்க முடியவில்லை. செத்தவன் சார்பில் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி அவனுக்கு இடம் கொடுத்தார்கள்? உலகம் முழுக்க ரசிகர்கள் ஹானுக்கு நியாயம் கேட்டது இதற்காகத்தான். ஒன்பதாம் பாகத்துக்கு லின் திரும்பி வந்தபோது ஹானையும் உயிரோடு கொண்டுவந்தார். செத்தவன் பிழைத்தது நம்பக்கூடியதா என்று நான் யோசிக்கவே இல்லை. தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று தீர்ந்தது, அதுபோதும்.

அதே ஒன்பதாம் பாகம் இன்னொரு இடத்தில் சறுக்குகிறது. இத்தனை ஆபத்திலும் தங்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லையே, தாங்கள் சாகாவரம் பெற்றவர்களோ என்று ரோமன் நண்பர்களிடம் வாதாடுகிறான். ரசிகர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரசிகன் மனசார ஒதுக்கிவைத்த கேள்வியைப் படமே எடுத்து மேஜையில் போட்டுவிட்டது. அதன் பிறகு கார் விண்வெளிக்குப் போகிறது. அங்கே தார்ச்சாலை இல்லை, டயர் கிறீச்சிடும் சத்தம் இல்லை, எந்தத் திருப்பத்திலும் நம் உடம்பு சாய்வதில்லை. பெட்டகத்தின் கனத்தை ரசித்தவனுக்கு எடையற்ற ஓர் உலோக டப்பாவில் என்ன இருக்கிறது?

பத்தாம் பாகத்தில் (2023) மறுபடி தரைக்கு வந்தார்கள். ரோம் நகரத் தெருக்களில் பிரம்மாண்டமான குண்டு ஒன்று உருண்டு ஓட, கார்கள் அதை இடித்து இடித்துத் திசை திருப்புகின்றன. பெட்டகத்தின் ரத்த சொந்தம் என்று பார்த்ததுமே தெரிகிறது. உருளும்போது கல் பாவிய தெரு அதிர்கிறது, ஒவ்வொரு இடியிலும் யார் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பது புரிகிறது. முடிவில் டாம் தன் மகனை உட்காரவைத்துக்கொண்டு அணைக்கட்டின் சுவரில் செங்குத்தாகக் காரை இறக்குகிறான். கீழே தண்ணீர், மேலே அணையைத் தகர்க்கக் காத்திருக்கும் எதிரி. அங்கேயே படத்தை நிறுத்திவிட்டார்கள். அவன் எப்படித் தப்புவான் என்பதில் எனக்குக் கவலையில்லை, எப்படியும் தப்புவான். அடுத்த பாகத்தில் நான் கேட்பது இரண்டுதான். நிஜ இரும்பு நொறுங்க வேண்டும், சாப்பாட்டு மேஜையில் ஷாவும் ஹானும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தப் பழைய கணக்கைப் பேசித் தீர்க்க வேண்டும்.