கோரைக் குறைத்தால் குணமாகுமா?

கணினி அடிக்கடி ஹேங் ஆகிறது என்று சொன்னால் போதும், 'கோரைக் குறைத்துப் பாருங்கள்' என்ற யோசனை வந்துவிடும். பயாஸில் செயலியின் சில கோர்களை அணைப்பார்கள். டாஸ்க் மேனேஜரில் ஒரு நிரலை ஒரே கோரில் கட்டிப்போடுவார்கள். இந்த வழக்கத்தை நான் முற்றாகத் தள்ளமாட்டேன். அது நியாயமான காரணத்தோடு தொடங்கியதுதான்.

2005-இல் ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 செயலி வந்தது. அதன் இரண்டு கோர்களும் தனித்தனியே துடிப்புகளை எண்ணின. மின்சேமிப்புக்காக வேகம் மாறும்போது இரண்டின் எண்ணிக்கையும் விலகிப்போகும். ஒரு கோரில் நேரம் பார்த்த விளையாட்டு அடுத்த முறை மற்ற கோரில் பார்த்தால், காலம் பின்னால் போனதாகக் கணக்கிட்டுத் தடுமாறும். ஒரே கோரில் ஓட்டியதும் தடுமாற்றம் நின்றது. கோளாறு எங்கே என்பதும் புலப்பட்டது. பிறகு ஏஎம்டி வெளியிட்ட டூயல் கோர் ஆப்டிமைசர் இரு எண்ணிக்கைகளையும் ஒத்துப்போகச் செய்தது. கட்டிப்போடும் தேவை அதோடு தீர்ந்தது.

எல்லா உறைவும் இப்படிப் பிடிபடுவதில்லை. 2017-இல் வந்த முதல் தலைமுறை ரைசன் கணினிகள் சில, லினக்ஸில் வேலை குவிந்தபோது நன்றாக ஓடி, சும்மா இருந்தபோது உறைந்தன. அங்கே பார்க்கவேண்டியது கோர்களின் எண்ணிக்கையை அல்ல, அவற்றின் உறக்கத்தை. சி6 என்ற ஆழ்ந்த உறக்கநிலையைத் தடுத்ததும் பலருக்கு உறைவு நின்றது. எப்போது உறைகிறது என்று கவனிக்காமல் கோரை அணைப்பவருக்கு இது ஒருநாளும் தெரியவராது.

விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக்கில் கோர்களின் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்தால் கணினி வேகமாகும் என்ற நம்பிக்கையும் தவறு. அந்தக் கட்டம் கட்டுப்படுத்தத்தான் இருக்கிறது; அதைத் தொடாவிட்டால் எல்லாக் கோர்களும் இயங்கும்.

எனக்குப் பெரிய கவலை இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் சில்லுகளைப் பற்றியது. அவற்றில் சில, மிகையான மின்னழுத்தத்தால் நாளடைவில் பழுதாகின்றன என்பது 2024-இல் வெளிப்பட்டது. கோர்களின் வேகத்தைக் குறைத்தவர்களுக்குக் கணினி அப்போதைக்கு ஒழுங்காக ஓடியது. உள்ளே பழுது அப்படியே இருந்தது. புதிய மைக்ரோகோட் மேலும் கெடாமல் காக்கும், கெட்டதைச் சரிசெய்யாது. மாற்றுச் சில்லு பெறுவதே வழி. இன்டெல் வாரன்டியை 2 ஆண்டு நீட்டியதும் இதற்காகத்தான். அமைப்பை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர் அந்தக் கெடுவையும் தவறவிடுவார்.

கோரைக் குறைத்ததும் உங்கள் கணினி உறையாமல் ஓடினால், அங்கேயே நின்றுவிடாதீர்கள். பயாஸைப் புதுப்பித்து, எல்லாக் கோர்களையும் மீண்டும் திறந்து பாருங்கள். திரும்பவும் உறைந்தால், வாங்கிய ரசீதைத் தேடி எடுங்கள்.