கேள்வி என்பதற்கு இரண்டு பொருள்

ஒரு பாட்டு ஓடுகிறது. பழைய இசைத்தட்டின் கரகரப்புக்கு நடுவே கனத்த பெண்குரல் ஒன்று வெள்ளத்தில் வீடு போன கதையைப் பாடுகிறது. பாடுபவர் பெஸ்ஸி ஸ்மித். 1927-ல் பதிவான பாட்டு. அது ஓய்ந்த பிறகு, இதைக் கேட்கும்போது மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று ஒருவர் கேட்கிறார். எதிரே இருப்பவர் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின். ஆண்டு 1961, இடம் சிகாகோவின் டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலி நிலையம். கேட்டவர் ஸ்டட்ஸ் டெர்கல்.

பால்ட்வின் சொல்லத் தொடங்குகிறார். சுவிட்சர்லாந்தில் ஒரு பனிமலைக் கிராமம். கையில் ஒரு தட்டச்சுப் பொறி, பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகள். அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டபடிதான் அவர் தன் முதல் நாவலை எழுதி முடித்தார். சொந்த நாட்டில் இருந்தவரை அந்தக் குரலைக் கேட்க அவருக்குக் கூச்சம். தான் பிறந்த வீட்டின் பேச்சும் வாசனையும் அதில் இருந்ததால் வந்த கூச்சம். ஐரோப்பாவின் பனிக்குள் போய் உட்கார்ந்த பிறகே அது விலகியது. பேட்டி தொடங்கிச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. ஒரு மனிதர் தன் வாழ்க்கையின் அடிவேரைத் தோண்டி நம் முன் வைத்துவிட்டார்.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? பால்ட்வினின் 'நோபடி நோஸ் மை நேம்' என்ற கட்டுரைத் தொகுப்பு அந்த ஆண்டுதான் வெளியாகியிருந்தது. அதன் முதல் கட்டுரையிலேயே பெஸ்ஸி ஸ்மித் வருகிறார். மற்றவர்கள் கடந்துபோகக்கூடிய சில வரிகள்தாம். டெர்கல் அங்கே நின்று, அலமாரியைத் துழாவி, இசைத்தட்டை எடுத்து வந்துவிட்டார். புத்தகத்துக்குள் ஊமையாகக் கிடந்த பாட்டை வானொலியில் வாய்திறக்க வைத்தார். எழுத்தாளரைப் பேட்டி காண்பது ஒரு கலை என்று யாராவது சொன்னால், இந்த ஒரு தொடக்கத்தைத்தான் நான் சான்றாகக் காட்டுவேன்.

டெர்கல் 1912-ல் நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே சிகாகோவுக்கு வந்தவர். அங்கே அவருடைய பெற்றோர் வாடகை அறைகள் கொண்ட ஒரு விடுதியை நடத்தினார்கள். வேலை தேடி வந்தவர்கள், வேலை போனவர்கள், சங்கத்துக்காரர்கள், தனிக்கட்டைகள் என்று பலரும் முன்கூடத்தில் உட்கார்ந்து வாதாடுவார்கள். பையன் கேட்டுக்கொண்டிருப்பான். அவருக்கு முதல் பள்ளிக்கூடம் அதுதான். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கினார், ஒருநாளும் வழக்காடவில்லை. வானொலி நாடகங்களில் அடியாள் வேடம் கட்டினார். தொலைக்காட்சியில் 'ஸ்டட்ஸ் பிளேஸ்' என்று ஒரு நிகழ்ச்சி கிடைத்தது. இடதுசாரி விண்ணப்பங்களில் கையெழுத்திட்டவர் என்பதால், கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த அந்தக் காலத்தில் அது பறிபோனது. ஒருநாள் வானொலியைத் திருப்பியபோது வுடி கத்ரியின் நாட்டுப்பாட்டு ஒலித்தது. இதைப் போடுகிற நிலையத்தில் எனக்கும் இடம் இருக்கும் என்று தொலைபேசியில் அழைத்து வேலை கேட்டார். 1952-ல் உள்ளே போனவர் 1997-ல்தான் வெளியே வந்தார். நாற்பத்தைந்து ஆண்டுகள், ஒரே நிலையம்.

பாரிஸில் சிமோன் த பூவாவின் வீட்டுக்கே போய்ப் பேசினார், அது 1960. வேல்ஸில் பெர்ட்ரண்ட் ரஸலோடு அணுகுண்டைப் பற்றிப் பேசினார், அது 1962. மார்ட்டின் லூதர் கிங், மானுடவியல் அறிஞர் மார்கரெட் மீட், கோளக் கூரைகளை வடிவமைத்த பக்மின்ஸ்டர் ஃபுல்லர், கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ், நாவலாசிரியர் டோனி மாரிசன் என்று வரிசை நீளும். வரலாறு, அறிவியல், இசை எதுவானாலும் அவருடைய வழி ஒன்றுதான். முதலில் படிக்க வேண்டும்.

அவர் படித்த புத்தகங்களைப் பார்த்த எழுத்தாளர்கள் திகைத்துப் போயிருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு, ஓரமெல்லாம் கிறுக்கல். பேனா மையில் குளித்து எழுந்த மாதிரி இருக்கும் அந்தப் பிரதி. எழுதியவருக்கே மறந்துபோன ஒரு பத்தியை, தன் கரடுமுரடான குரலில், நடிகனுக்குரிய ஏற்ற இறக்கத்தோடு அவர் வாசித்துக் காட்டுவார். தன் எழுத்தை இன்னொரு வாய் சொல்லக் கேட்பது எழுத்தாளனுக்கு விசித்திரமான அனுபவம். சிலர் அந்தக் கணத்தில் மௌனமாகிவிடுகிறார்கள். அந்த மௌனத்துக்குப் பின் வருகிற பதிலுக்காகவே மணிக்கணக்கில் கேட்கலாம். விளம்பரத்துக்காக ஊர் ஊராகப் போய் ஒப்பித்த வார்த்தைகள் அதில் இருக்காது.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நல்ல பக்கவாத்தியக்காரர், பாடகர் எந்தச் சங்கதிக்குப் போகப் போகிறார் என்று முன்கூட்டியே உணர்ந்து, அரை நொடி பின்னால் நின்று நிழல்போல வருவார். அதற்குக் கீர்த்தனை தெரிந்திருக்க வேண்டும். பாடாந்தரமும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் சும்மா ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். டெர்கல் நல்ல பக்கவாத்தியம். ஆனால் குறையில்லாதவர் இல்லை. சில நாள்களில் மிருதங்கம் பாட்டை மூடிவிடுவது போல இவருடைய உற்சாகம் விருந்தாளியின் பேச்சை மூடிவிடும். எதிராளி இழுக்கும் வாக்கியத்தை இவரே முடித்துவைப்பார். கேள்வி கேட்கப் புறப்பட்டு, நடுவே நினைவுக்கு வந்த கதைக்குள் புகுந்து, நாம் கேள்வியை மறந்த பிறகு வெளியே வருவார். தமக்குப் பிடித்த அரசியலைப் பேசுகிறவரிடம் கொஞ்சம் சலுகையும் காட்டுவார். இவ்வளவையும் ரசிகன் பொறுத்துக்கொள்கிறான். காரணம், அந்த உற்சாகம் படித்ததால் வந்த உற்சாகம்.

அவருடைய இன்னொரு ஆயுதம் கைத்திறமை இல்லாமை. டேப் ரெக்கார்டரோடு அவருக்கு ஆயுள் முழுக்கச் சண்டை. நடனமேதை மார்த்தா கிரஹாம், திரைக்கலைஞர் ழாக் தாத்தி ஆகியோரோடு பேசிய பேச்சுகள் பதிவாகாமலே போனதாக அவரே சொல்லியிருக்கிறார். கார் ஓட்டவும் அவர் கற்றுக்கொள்ளவில்லை. பேருந்தில்தான் பயணம், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களோடுதான் பேச்சு. ஆனால் இந்தத் தடுமாற்றத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. பெட்டியோடு ஒருவர் வீட்டுக்கு வந்து, பித்தானைத் தேடி முழித்தால், எதிரே இருப்பவருக்குப் பயம் போய்விடுகிறது. 'ஐயா, சக்கரம் சுத்தலையே' என்று அவரே எடுத்துச் சொல்வார். அந்த நொடியில் பேட்டி கொடுப்பவர் உதவி செய்பவராக மாறிவிடுகிறார். அப்புறம் பேச்சு தானாக வரும்.

1960-களில் நடந்ததாக அவர் அடிக்கடி சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பு ஒன்றில் ஒரு பெண்ணோடு பேசி முடித்தார். சுற்றி நின்ற பிள்ளைகள் அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். நாடாவைத் திருப்பிப் போட்டார். தன் குரலைக் கேட்ட அந்தத் தாய் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். இப்படியெல்லாம் எனக்குள் தோன்றியிருந்தது என்று எனக்கே தெரியாதே என்றார். புகழ்பெற்ற எழுத்தாளரிடம் ஒரு பத்தியை வாசித்துக் காட்டி அவர் செய்ததும் இதேதான். ஒருவருக்குச் சொந்தமானதை அவருக்கே கேட்கக் கொடுப்பது. 'டிவிஷன் ஸ்ட்ரீட்: அமெரிக்கா' (1967), 'ஹார்ட் டைம்ஸ்' (1970), 'வொர்க்கிங்' (1974) என்று பெயர் பெறாத மனிதர்களின் வாய்மொழியால் அவர் கட்டிய புத்தகங்கள் இந்தக் காதிலிருந்து பிறந்தவை. இரண்டாம் உலகப் போரைக் கண்டவர்களின் குரல்களைத் தொகுத்த 'தி குட் வார்' 1985-ல் புலிட்சர் பரிசு பெற்றது.

தமிழில் கேள்வி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வினவுவதும் கேள்விதான், செவியால் கற்பதும் கேள்விதான். திருக்குறளில் கல்விக்கும் அறிவுடைமைக்கும் இடையில் கேள்வி என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே அந்தச் சொல்லுக்குச் செவிக்கல்வி என்பதே பொருள். வானொலிப் பேட்டிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. டெர்கலிடம் இரண்டு பொருளும் ஒன்றாகிவிட்டன. அவர் எழுதிக்கொண்டு வந்த வினாப்பட்டியலைப் பார்த்துக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவுகிறவர் இல்லை. வந்த பதிலின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து இறங்குவார். அதனால்தான் அவருடைய நல்ல பேட்டிகளில் கேள்விகள் நினைவில் நிற்பதில்லை, பதில்கள் நிற்கின்றன.

இதைக் கேட்டுப் பழகிய காது மற்ற பேட்டிகளிடம் கறாராகிவிடுகிறது. ஒருமுறை ஒரு மேடையில் நாவலாசிரியர் ஒருவரிடம், 'இந்த நாவலில் என்ன சொல்ல வருகிறீர்கள்?' என்று முதல் கேள்வி கேட்கப்பட்டது. கேட்டவர் கையிலிருந்த புத்தகத்தின் பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தன. நாவலாசிரியர் பின்னட்டையில் இருந்ததைப் பணிவோடு சொன்னார். அரை மணி நேரம் அப்படியே கழிந்தது. இருவர் மீதும் எனக்குக் கோபமில்லை. அந்தப் புத்தகத்தின் மீதுதான் பரிதாபம்.

மைக்கும் கைப்பேசியும் இருந்தால் இன்று யாரும் பேட்டி எடுக்கலாம். தமிழில் நாளுக்கு நாள் அப்படிப் பலர் வருகிறார்கள். நல்லதுதான். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒளியும் கோணமும் சரிபார்க்கும் முன், கையில் ஒரு பென்சிலோடு புத்தகத்தை உட்கார்ந்து படியுங்கள். எந்த வரியில் பென்சில் தானாக நிற்கிறதோ அங்கேதான் உங்கள் முதல் கேள்வி இருக்கிறது.

டெர்கல் 2008 அக்டோபர் 31 அன்று, 96-ஆம் வயதில் காலமானார். ஏறத்தாழ 5,600 நிகழ்ச்சிகளின் ஒலிநாடாக்களைச் சிகாகோ வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் விட்டுச் சென்றார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் துணையோடு அவற்றை எண்மமாக்கும் வேலை நடந்தது. 2018 முதல் அவற்றில் கணிசமானவற்றை யாரும் இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். எங்கே தொடங்குவது என்று கேட்டால், பால்ட்வினிடம் தொடங்குங்கள் என்பேன். ஆரம்பத்தில் ஒரு பாட்டு வரும். பேச்சு எப்போது தொடங்கும் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பேட்டியின் முதல் கேள்வி அதுதான்.