‘காவல்’ என்னும் சொல்லும் காலனிய ஆவணங்களின் தமிழாக்கமும்

பாளையக்காரர் கிளர்ச்சிக் காலத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சார்ந்த ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்குவோர், ‘போலீஸ்’ என வருமிடங்களில் ‘காவல்துறை’ என்று எழுதுவது பெருவழக்காக உள்ளது. அவ்வழக்கு பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிளர்ச்சிக்கு முன்னர்த் தென்பாண்டிச் சீமையில் ‘காவல்’ என்னும் சொல் நான்கு பொருள்களை ஒருங்கே சுட்டியது. அவை காக்கும் தொழில், அதற்குரிய பரம்பரை உரிமை, ஊரார் அளித்த கூலி, களவுபோன பொருளை மீட்டுத் தரவோ ஈடுசெய்யவோ வேண்டிய பொறுப்பு என்பன. ஓர் ஊரளவில் அமைந்தது தலக்காவல். பாளையக்காரர் பல ஊர்கள்மீது செலுத்தியது தேசக்காவல்.

வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். மருது சகோதரர்களின் எழுச்சி 1801இல் ஒடுக்கப்பட்டது. பாளையக்காரரின் வலிமைக்குத் தேசக்காவல் வருவாயும் ஒரு காரணம் எனக் கருதிய கம்பெனியார், ஆயுதங்களோடு அவ்வுரிமையையும் பறித்தனர். அதிகாரிகளின் எழுத்தில் காவற்கூலி வன்பறிப்பாக மாறியது. காக்கும் தொழில் மட்டும் ‘போலீஸ்’ என்னும் பெயரில் அரசுக்கு உரியதாயிற்று.

அப்பெயரும் ஒரே அமைப்பைச் சுட்டவில்லை. 1802இல் தாணாக்களும் தரோகாக்களும் ஏற்பட்டன. 1816இல் மன்றோவின் சீர்திருத்தம் அப்பணியைத் தாசில்தார், ஊர்த்தலைவர், தலையாரி ஆகியோரிடம் ஒப்படைத்தது. வரி தண்டுவோரே குற்றமும் விசாரித்ததன் கொடுமைகளைச் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் வெளிப்படுத்தியது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் வருவாய்த்துறையினின்று பிரிந்த தனிப்படையை உருவாக்கியது. இம்மூன்றையும் ‘காவல்துறை’ என்பது வேறுபாடின்றி மூடிவிடுகிறது.

பேச்சு வழக்கோ சில தடயங்களைக் காத்துள்ளது. ‘டாணாக்காரன்’ என்பதில் தாணாவும், சென்னையின் ‘கொத்தவால் சாவடி’யில் கொத்வாலும் வாழ்கின்றன. ஐதராபாத்தில் நகரப் போலீஸ் தலைவர் 20ஆம் நூற்றாண்டிலும் கொத்வால் என்றே அழைக்கப்பட்டார். அங்குப் பழைய பதவிப்பெயர் நிலைத்தது. தமிழிலோ, உரிமை இழந்தோரின் சொல்லே அவ்வுரிமையைப் பறித்த அமைப்பிற்குப் பெயராயிற்று.

இதன் விளைவு சொல்லளவில் நிற்பதன்று. பரம்பரைக் காவலராக விளங்கிய பிறமலைக் கள்ளர்மீது 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டம் ஏவப்பட்டது. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920இல் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அங்குச் சுட்டவரையும் ‘காவலர்’ என்று தமிழாக்கினால், காவல் யாருடையதாக இருந்தது என்ற கேள்வியே வாசகர்க்கு எழாது.

கலைச்சொல் தமிழாக இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை இக்கால ஆட்சித்தமிழுக்குப் பொருந்தும். வரலாற்று ஆவணங்களிலோ ‘காவல்’ என்பதைப் பழைய உரிமைக்கும், ‘தாணா’, ‘தரோகா’ என்பவற்றை 1802ஆம் ஆண்டு அமைப்பிற்கும், ‘போலீஸ்’ என்பதை 1859க்குப் பிந்தைய படைக்கும் ஆள்வதே தக்கது. இடைக்காலத்திற்குத் தலையாரி, தாசில்தார் எனப் பதவிப்பெயர்களையே தருதல் போதும்.