கிறீன் வழக்கும் எண்பிக்கும் சுமையும்

1941 நவம்பர் 3ஆம் நாள் பிரித்தானியப் பிரபுக்கள் சபை வழங்கிய இரு தீர்ப்புகளுள் ஒன்றே பெரிதும் பேசப்படுகின்றது. லிவசிட்ஜ் எதிர் அண்டர்சன் என்னும் அவ்வழக்கில் அற்கின் பிரபு தனித்து நின்று மாறுபட்டார். ஆயின், அதே நாளில் பென் கிறீனின் ஆட்கொணர்வு மனு தள்ளப்பட்டபோது அவரும் ஏனையோருடன் இணங்கினார் என்பதை அவரைப் போற்றுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர். லிவசிட்ஜ் தொடுத்தது நட்டஈட்டு வழக்கு. கிறீன் வேண்டியதோ விடுதலை. சிறைப்பட்டவனின் நிலையை அறிய இரண்டாவதே உரைகல்லாகும்.

இருவரும் 18பி என்னும் போர்க்கால ஒழுங்குவிதியின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டவர்கள். அமைச்சர் 'திருப்தியுற்றால்' போதும் என முதலில் அமைந்திருந்த அவ்விதி, பாராளுமன்றத்தின் எதிர்ப்பினால் 1939 இறுதியில் 'நம்புவதற்கு நியாயமான காரணம் இருப்பின்' எனத் திருத்தப்பட்டது. பெரும்பான்மை நீதிபதிகளோ, அக்காரணம் அமைச்சரின் மனத்தளவில் இருந்தாற் போதும் என்றனர். கட்டளை முறையாகத் தோற்றினால், அது தவறென எண்பிக்கும் சுமை சிறையிலிருப்பவன் மீதே சாரும் என்பது இதன் விளைவு. ஆனால், தனக்கெதிராகச் சொல்லப்பட்டது யாது, சொன்னவர் யார் என அறியாதவன் எதனை மறுப்பான்? மறுமொழியிற் கூறப்படும் சங்கதிகளின் உண்மையை ஆராய 1816ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதிக்கு வழங்கிய அதிகாரமும் இங்கு பயனற்றுப்போயிற்று.

அற்கின் பிரபுவின் நிலை வேறு. காரணம் காட்டும் கடப்பாடு அமைச்சருக்கு உண்டு என்றே அவர் கருதினார். எனினும், கிறீன் வழக்கில் அமைச்சர் சமர்ப்பித்த சத்தியக்கடதாசி அக்கடப்பாட்டை நிறைவேற்றியதாக ஏற்றுக்கொண்டார். அவரது கொள்கையின் வலுக்குறைவு இங்குதான் வெளிப்படுகின்றது. சுமையை இடம் மாற்றிவிட்டு, அதனைத் தாங்க ஒரு தாளே போதுமெனின், மாற்றத்தின் பயன் யாது? தகவல் தந்தவர் நம்பத்தகாதவர் என்பது பின்னர் வெளிப்பட்டு, 1942 ஜனவரியில் கிறீன் விடுவிக்கப்பட்டார். உண்மையை வெளிக்கொணர்ந்தது மன்றமன்று. அவருடைய சட்டத்தரணியின் முயற்சியே.

பெரும்பான்மையோரின் பொருள்கோளைக் குறுக்கிய முதன்மையான தீர்ப்பு இலங்கையிலிருந்து சென்ற வழக்கொன்றிலேயே பிறந்தது. நக்குட அலி எதிர் ஜயரத்ன வழக்கில், நியாயமான காரணம் உண்மையிலேயே இருத்தல் வேண்டும் எனக் கோமறைக் கழகம் 1950இற் கூறியது. அங்கு பிணக்குப் புடைவை வணிகரின் அனுமதிப்பத்திரம் பற்றியது. மனிதனின் உடலுக்குக் கிட்டாத பொருள்கோள் புடைவை வாணிபத்துக்குக் கிட்டிற்று! (அலி ஈற்றில் வெற்றிபெறவில்லை என்பது வேறு.)

1983இல் கவாஜா வழக்கில் பிரபுக்கள் சபை, தடுத்து வைப்பதை நியாயப்படுத்தும் சங்கதிகளை அரசே எண்பித்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் தகும். அங்கு எண்பிக்கப்பட வேண்டியது, ஒருவர் சட்டவிரோதமாக நாட்டினுட் புகுந்தார் என்னும் சங்கதி. அதிகாரத்தின் அடிப்படை அமைச்சரின் நம்பிக்கையாக அமையும்போது, சுமை அரசினதேயாயினும் அதன் எடை மிகக் குறைந்துவிடுகின்றது. இலங்கையில் 1979இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 'நம்புவதற்கு' என்பதோடமையாது 'சந்தேகிப்பதற்கு' என்பதனையும் சேர்த்துக்கொண்டது.