அமிழ்தல் நின்றபின் கரை உறங்குகிறதா?

கடலடிப் பாறைத்தட்டு கண்டத்தின் அடியில் அமிழ்வது நின்றுவிட்டால், அக்கரையின் கதையும் முடிந்தது என்று கருதுவோர் பலர். அக்கருத்தைச் சோதிக்கத் தக்க இடம், தென்துருவத் தீபகற்பத்தின் பசிபிக் கரை ஆகும். பிரிட்டிஷ் ஆய்வாளர் பீட்டர் பார்க்கர் 1982-இல் வெளியிட்ட கட்டுரை, இக்கரையைப் பற்றிய எழுத்துகளுள் தலையாயது எனலாம்.

அதன் சிறப்பு, சான்றைத் தெளிவாக அடுக்கும் முறையில் உள்ளது. கடலடிப் பாறையில் பதிந்த காந்த வரிகளைக் கொண்டு, புதிய கடலடி பிறக்கும் முகடே அகழியை வந்து சேர்ந்தது என்று அது காட்டுகிறது. அச்சேர்க்கை ஒருங்கே நிகழவில்லை. துண்டு துண்டாக நிகழ்ந்தது. தெற்கே சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, வடக்கே சில பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன்தான் ஓய்ந்தது. முகடு சேர்ந்த இடத்தில் அமிழ்தலும் நின்றது. ஆகவே இக்கரையோரம் வடக்கே செல்வோர், ஒரே நிகழ்ச்சியின் முதுமையிலிருந்து இளமைக்குச் செல்கின்றனர்.

எனினும், அமிழ்தல் எப்போது நின்றது என்பதற்கு அது கூறும் விடை, நின்றபின் நேர்ந்தது என்ன என்பதற்குப் போதாது. பின்வந்தோர் 'தட்டுச் சாளரம்' என்னும் கொள்கையால் அவ்விடத்தை நிரப்பினர். அமிழ்ந்த தட்டு விலகிய இடைவெளி வழியே சூடான பொருள் எழுந்து எரிமலைகளைத் தோற்றுவித்தது என்பது அவர் கூற்று. அழகிய கருத்துதான், ஆனால் காலம் பொருந்த வேண்டாமா? அலெக்சாண்டர் தீவிலுள்ள பீத்தோவன் தீபகற்பத்தின் எரிமலைப் பாறைகள் கடந்த 30 இலட்சம் ஆண்டுகளுக்குள் தோன்றியவை. அங்கு அமிழ்தல் நின்றதோ, அதற்கு ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக முன்னர். திறந்த சாளரம் அவ்வளவு காலம் ஏன் காத்திருந்தது? இதனை விளக்காதவரை அக்கொள்கை பாதி விடையே.

வடகோடியில் நிலைமையே வேறு. தெற்கு ஷெட்லாந்துத் தீவுகளுக்கு எதிரே முகடு அகழியை அடையவே இல்லை. சுமார் 33 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலிலேயே ஓய்ந்தது. அகழி இன்றும் உள்ளது. எஞ்சிய தட்டு தன் எடையால் தாழ, தீவுகள் கடல்நோக்கி இழுக்கப்பட்டுப் பிரான்ஸ்ஃபீல்டு நீரிணை விரிகிறது என்பர். அந்நீரிணையிலுள்ள டிசெப்ஷன் தீவு 1967, 1969, 1970 ஆகிய ஆண்டுகளில் வெடித்தது. முகடு வந்து சேர்ந்ததும் முகடு ஓய்ந்ததும் வேறு வேறு முடிவுகள். இரண்டையும் 'நின்றது' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது குழப்பத்திற்கே வழி.

தெற்கே நிலம் ஓய்ந்தாலும் பனி ஓயவில்லை. பனியாறுகள் சுமந்து வந்த வண்டல் கரைமேடையைக் கடல்நோக்கி நீட்டியதை 1998-இல் நடந்த கடலடித் துளைப்பு ஆராய்ந்தது. உறங்கும் கரை என்பது, கூர்ந்து பாராதார் கூற்றே.