அசோகமித்திரனின் ‘தண்ணீர்’: நான் கோடு போடாத பக்கங்கள்

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ எதைப் பற்றியது என்று கேட்டால் பல வருஷமாக என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம். 1973-ல் வந்த சின்ன நாவல். நான் அதை முதலில் படித்தது 2003 கடைசியில். அப்போது மயிலாப்பூரில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் மூன்று பேர் தங்கியிருந்தோம். குழாய் காய்ந்துபோய், தெருமுனையில் வைத்த கறுப்புத் தொட்டிக்கு லாரி எப்போது வரும் என்பதுதான் அன்றாடம் தெருவுக்கே முக்கியச் செய்தி. அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. குடம், பம்ப், வரிசை, சண்டை வருகிற இடமெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். ஜமுனா வாய் திறக்கிற இடம் ஒன்றில்கூடக் கோடு இல்லை.

ஜமுனாதான் இந்த நாவலின் மையம். சினிமாவில் கதாநாயகி ஆகலாம் என்ற நம்பிக்கையில் பாஸ்கர் ராவ் என்பவனை நம்பிப் போய், அவனுடைய காரியங்களுக்குப் பயன்படுத்தப்பட்டவள். தங்கை சாயாவுக்கு அவள்மேல் கோபம். ஒரு கட்டத்தில் ஜமுனா உயிரை விடத் துணிகிறாள். இது நடக்கிற தெருவில்தான் குழாய் வறண்டு கிடக்கிறது, ரோடைத் தோண்டுகிறார்கள், குடிநீரில் சாக்கடை கலக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கை உடைகிற கதையை, லாரிக்காகக் காத்திருந்த நான் தண்ணீர் பிடிக்கிற கதையாகப் படித்து முடித்து ‘நல்லா இருக்கு’ என்று மூடி வைத்துவிட்டேன்.

சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரும் 1999-ல் வெளியிட்ட கொரில்லா பரிசோதனையை நிறையப் பேர் ஏதாவது ஒரு ஆபீஸ் டிரெய்னிங்கில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை அணி எத்தனை தடவை பந்தை மாற்றிப் போடுகிறது என்று எண்ணச் சொல்வார்கள். நடுவில் கொரில்லா வேஷத்தில் ஒருவர் வந்து மார்பில் தட்டிக்கொண்டு போவார். ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. 2013-ல் இதையே 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் செய்து பார்த்தார்கள். நுரையீரல் ஸ்கேனில் கட்டிகளைத் தேடச் சொல்லி, அதில் ஒரு கொரில்லா படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். 20 பேர் அதைச் சொல்லவில்லை. கண் எங்கே போகிறது என்று பதிவு செய்ததில், அவர்களில் பலர் கொரில்லா இருந்த இடத்தையே நேராகப் பார்த்திருக்கிறார்கள்.

டிரெய்னிங்கில் இதை ‘மனுஷனுக்குக் கவனம் பத்தாது’ என்று சுருக்கிவிடுவார்கள். அங்கே விட்டுப்போகிற விஷயம் ஒன்று உண்டு. 1999 பரிசோதனையில் கறுப்புச் சட்டை அணியை எண்ணியவர்கள் கொரில்லாவை அதிகமாகப் பார்த்தார்கள். கொரில்லாவும் கறுப்பு, அதனால்தான். ஆக, எதை எண்ணச் சொன்னார்கள் என்பது எதைப் பார்க்கிறோம் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

‘தண்ணீர்’ நாவலில் எண்ணச் சொல்வது யார்? முதலில் தலைப்பு. அப்புறம் பின்னட்டை, விமர்சகர்கள், நண்பர்கள். போதாக்குறைக்குக் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகமும், 1981-ல் பாலசந்தர் அதைப் படமாக எடுத்ததும். அங்கே தண்ணீர்தான் பிரச்சினை, தண்ணீர்தான் அரசியல். அந்தப் பழக்கத்தோடு வந்தால் இங்கேயும் அதையே தேடுவோம்.

இன்னொரு வகை வாசிப்பு, தண்ணீர் என்றால் மனசின் ஈரம், அன்பின் குறியீடு என்பது. கொஞ்சம் படித்தவர்கள் இப்படிச் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அதுவும் ஒரு எண்ணிக்கை வேலையாகத்தான் படுகிறது. குடம் வருகிற இடத்தில் எல்லாம் ‘இதோ குறியீடு’ என்று குறித்துக்கொண்டே போனால், குடத்தைத் தூக்குகிறவளின் முகம் எப்போது தெரியும்? அந்தத் தெருவில் தண்ணீர் வெறும் தண்ணீர்தான். அது இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு ஆகாது.

அசோகமித்திரன் நமக்கு உதவவும் மாட்டார். அவர் நடையில் பம்ப் அடிப்பதற்கும் ஒரு வாழ்க்கை சரிவதற்கும் வாக்கியம் ஒரே கனம்தான். குரலை உயர்த்துவதில்லை, ‘இங்கே கவனி’ என்று அடையாளம் காட்டுவதில்லை. தி. நகர்வாசியான அவர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து நிறைய எழுதியவர். பூங்கா பெஞ்சில் இருக்கிறவர் கண்முன்னால் எல்லாமே ஒரே அளவில்தான் நடந்து போகும், பெரிசு எது சின்னது எது என்று நாம்தான் பிரிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை அவர் வாசகனிடம் விட்டுவிடுகிறார். அதனால்தான் நான் கோடு போட்ட இடங்கள் நாவலைவிட என்னைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

நாவலுக்குள் ஜமுனாவை உண்மையிலேயே பார்க்கிறவள் டீச்சரம்மா. ‘தண்ணிக் கஷ்டத்துல யாருக்குங்க மத்தவங்களைப் பாக்க நேரம்?’ என்று சமாதானம் சொல்ல இவள் விடமாட்டாள். பள்ளிக்கூட வேலை, தன்னைவிட மிக மூத்த நோயாளிக் கணவர், படுத்துகிற மாமியார், இதற்கு மேல் தண்ணீர் பிடிக்கிற வேலை. அந்தத் தெருவிலேயே நேரம் குறைவாக இருக்கிறவர்களில் ஒருத்தி. அவள் ஆறுதல் மொழியும் சொல்வதில்லை, தன் கதையைத்தான் சொல்கிறாள். ஜமுனாவின் துக்கத்தின் நிறம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். கறுப்புச் சட்டையை எண்ணியவர்களுக்குக் கொரில்லா தெரிந்த மாதிரி.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். பாஸ்கர் ராவை மட்டும் நாவல் அரைக் கண்ணால்தான் பார்க்கிறது. வருகிறான், நைச்சியமாகப் பேசுகிறான், போகிறான். 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர் அசோகமித்திரன். ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் சினிமா உலகத்தின் ஓரத்து ஆட்களைக்கூட முழு மனுஷர்களாக எழுதியவர். அவருக்கு இந்த ஆசாமியைத் தெரியாமல் இருக்காது. இருந்தும் அவனை ஒரு வகைமாதிரியாக விட்டுவிட்டார். கடைசியில் ஜமுனா அவனை மறுக்கிற காட்சி அதனால் கொஞ்சம் சுலபமாகிவிடுகிறது.

சரி, இதையெல்லாம் இருபது வருஷம் கழித்து எழுத ஒரு காரணம் இருக்கிறது.

2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் ஏரிகள் ஏறக்குறைய தரை தட்டின. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. அப்போது நான் அடையாறில் 18 வீடுள்ள ஒரு அபார்ட்மென்ட்டில் தண்ணீர்க் கணக்குக்குப் பொறுப்பு. எக்ஸெல் ஷீட் போட்டேன். வீட்டுக்கு ஒரு வரிசை, லாரி வந்த தேதி, லிட்டர், பங்கு. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் மோட்டார். வீணாகிறது என்று கீழே தோட்டத்துக் குழாயை மூடச் சொன்னதும் நான்தான். எல்லாரும் பாராட்டினார்கள்.

வாட்ச்மேன் குடும்பத்துக்கு அந்தத் தோட்டத்துக் குழாய்தான் தண்ணீர். ஷீட்டில் அவர்கள் அறைக்கு வரிசை இல்லை. தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு நான் டார்ச்சும் குச்சியுமாக சம்ப்பில் ஆழம் பார்ப்பேன். அந்த நேரத்தில் வாட்ச்மேனின் மனைவி தெருத் தொட்டியிலிருந்து இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக இரண்டு குடத்தோடு கேட்டுக்குள் வருவார். ‘எவ்ளோ இருக்கு சார்?’ என்று கேட்பார். ‘ரெண்டே கால் அடிம்மா’ என்பேன். இந்தப் பேச்சு ஏறக்குறைய இரண்டு மாசம் நடந்தது. அவர் அக்கறையாக விசாரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

2020 ஊரடங்கில் புத்தக அலமாரியை ஒழுங்கு செய்யும்போது ‘தண்ணீர்’ கையில் அகப்பட்டது. டீச்சரம்மா பகுதிக்கு வந்தபோதுதான் அந்த இரண்டு குடமும் கேள்வியும் ஒன்றாக ஞாபகம் வந்தன. மேலே போய் லேப்டாப்பைத் திறந்து பழைய ஷீட்டைப் பார்த்தேன். லிட்டர் கணக்கு கச்சிதம், ஒரு தவறும் இல்லை. அதற்குள் அந்தக் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது, திரும்பி வரவில்லை.

அடுத்த கோடையில் ஷீட்டில் ‘வாட்ச்மேன் ரூம்’ என்று ஒரு வரிசை சேர்த்தேன். அந்தப் பங்கை யார் கட்டுவது என்று மீட்டிங்கில் ஒருத்தர் கேட்டார். பதினெட்டால் வகுத்ததில் வீட்டுக்குப் பெரிசாக ஒன்றும் வரவில்லை. அதோடு பேச்சு முடிந்தது.

நாவலை ஏற்கெனவே படித்தவர்கள் பழைய பிரதி இருந்தால் எடுத்துப் பாருங்கள். எங்கே கோடு போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு, அப்புறம் முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்.