கெடு முப்பது நாள்

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுதாக ஓடி முடிந்திருக்காது. அளவு பாராமல் கொடுக்கும் ஆக்சிஜன் அந்த வளர்ச்சியைக் குலைக்கிறது. பிறகு குழாய்கள் தாறுமாறாகப் பெருகி, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடலாம். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஆகவேதான் பிறந்த 30 நாளுக்குள் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்கிறது நம் நாட்டு நெறிமுறை.

இங்குள்ள நிலைமை அறிந்து வகுத்தது இது. அமெரிக்காவில் பொதுவாகப் பிறப்பு எடை 1,500 கிராம் அல்லது கருக்காலம் 30 வாரம் என்பதே இந்தப் பரிசோதனைக்கான வரம்பு. இங்கே அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் நோய் முற்றுவதால் 2,000 கிராம், 34 வாரம் என வரம்பை உயர்த்தியிருக்கிறார்கள். உரிய நேரத்தில் கண்டால் லேசர் பெரும்பாலான கண்களைக் காத்துவிடுகிறது.

குறை நடைமுறையில் இருக்கிறது. தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனையில் பிழைத்த குழந்தை, எடை கூடியதும் வேதாரண்யம் பக்கம் தாயின் பிறந்த வீட்டுக்குப் போய்விடலாம். முப்பது நாள் கழியாமல் பிள்ளையை வெளியே எடுக்க நம் வீடுகளில் மனம் வராது. கண் பார்க்கும் கெடுவும் அதே முப்பது நாள்தான். பச்சை உடம்புக்காரியின் கையில் சீட்டை எழுதிக் கொடுத்தால் மருத்துவமனையின் கடமை தீர்ந்துவிடாது. அந்தச் சீட்டுகூட இல்லாமல் போன கதையும் உண்டு. 1996இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில் பிறந்த குழந்தை, கண் பரிசோதனை இன்றி வீடு திரும்பிப் பார்வையை இழந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

சிகிச்சையைத் தேர்வதிலும் தூரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். கண்ணுக்குள் போடும் ஊசி விரைவில் முடிகிறது. லேசரைப் போல விழித்திரையின் ஓரத்தைச் சுடுவதுமில்லை. ஆனால் நோய் மாதங்கள் கழித்தும் திரும்பலாம். நடவையும் அறுப்பையும் விட்டுவிட்டு மறுபடி மறுபடி வர முடியாத குடும்பத்துக்குப் பல வேளைகளில் லேசரே பாதுகாப்பு.

கர்நாடகத்தில் 2008 முதல் பயிற்சி பெற்ற பணியாளர்கள் கேமராவுடன் மாவட்ட மருத்துவமனைகளுக்கே செல்கிறார்கள். அவர்கள் எடுக்கும் படங்களைப் பெங்களூரு மருத்துவர்கள் பார்த்து முடிவு சொல்கிறார்கள். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நாகைக்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும். பிரசவித்த தாயை வீட்டில் கொண்டுவிட 102 ஊர்தி இருக்கிறது. கண் பார்க்கும் நாளில் அதே ஊர்தி வாசலுக்கு வருவதை விதியாக்க வேண்டும். உயிரைக் காத்தவர்களுக்குப் பார்வையைக் காக்கும் பொறுப்பும் உண்டு.